நகக்கண்ணில் மத்தி

மூன்றாம் முறையாகப் படகேறித் திரும்பினோம்.
கங்காஸ் துறையில் சாரல்.
கூடைக்குள் மோரா கத்தவில்லை.
போன வாரம் வீகோ போய்ச் சேரும்வரை
படகையே கூட்டிவைத்துக் கத்தியது.
உள்ளே இருப்பது பிள்ளையா பிசாசா என்று கேட்டான்
டிக்கெட் கிழிக்கிறவன்.
இன்றைக்கு அந்தக் கத்தலுக்காக
கூடையை லேசாகத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

வீட்டில் மூடியைத் திறந்து வைத்தேன்.
அரை மணி நேரம் கழித்து,
ஊசிக்காகச் சிரைத்த முன்னங்காலை
யாருடையதோ போல இழுத்துக்கொண்டு
துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

தட்டில் டூனா வைத்தேன்.
மோந்தது. என்னைப் பார்த்தது.
பிறகு தரையோட்டைப் பறண்டி
இல்லாத மண்ணை அள்ளி அள்ளி
அதன்மேல் போட்டது,
பீயை மூடுவதுபோல.

சரிதான்.
திங்கட்கிழமை மாத்திரையைப் பொடித்து
அதே டூனாவில் கலந்தவள் நான்தானே.
ஒரு வாய்தான். நுரை நுரையாகத் தள்ளியது.
அன்றிலிருந்து இந்த வீட்டில்
எந்தத் தட்டுக்கும் மரியாதை இல்லை.

டாக்டர் உஷீயாவுக்கு என் மகள் வயது.
மருந்து வேறு, சாப்பாடு வேறு, என்றாள்.
இரண்டையும் ஒரே அறையில்கூடக் கொடுக்காதீர்கள்.
வெதுவெதுப்பாக வையுங்கள், மணம் எழும்பட்டும்.
கூடை கண்ணில் படக் கூடாது.
வாயில் திணிக்காதீர்கள்.
பூனை பட்டினி கிடந்தால் ஈரல் தாங்காது,
நாளை ராத்திரிக்குள் ஒன்றும் இறங்காவிட்டால்
மூக்கு வழியாகக் குழாய்தான்.
சொல்லிவிட்டு என் எண்ணை
இரண்டாம் தடவை எழுதி வாங்கிக்கொண்டாள்.
அந்த இரண்டாம் தடவைதான் என்னைக் கலக்கியது.

ஜெனீவாவிலிருந்து இரியா கூப்பிட்டாள்.
அவள் சாப்பிட்டாளா?
நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான்.
பூனையை விட்டுவிட்டுப் போனவள் நீ
என்று நாக்கு நுனிவரை வந்தது.
அங்கே ஹோட்டலில் படுக்கை விரித்துக்கொண்டே பேசுகிறாள்,
உறை உதறும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டேன்.

கோழி வேகவைத்த தண்ணீர்.
மோந்து பார்க்கவும் வரவில்லை.
மாடி வீட்டுக் கஸ்தோர் விலை கூடின டப்பா ஒன்று
கொண்டுவந்து கொடுத்துவிட்டு,
மத்தி ஆலைக்காரி வீட்டுப் பூனை
மீன் தின்னாதாம் என்று சிரித்தார்.
சிரித்து முடிக்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் லீவு தரவில்லை.
எட்டு மணி நேரம் மத்திக்குத் தலை கிள்ளினேன்.
இருபத்திரண்டு வருஷமாக
ஆலைக் குழாயடியில் எலுமிச்சம்பழம் தேய்த்து
முழங்கைவரை கழுவாமல் நான் பஸ் ஏறினதில்லை.
அன்றைக்குக் கழுவவில்லை.
பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னலைத் திறந்தாள்,
மழை உள்ளே அடித்தும் மூடவில்லை.

சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன்.
கோட்டுகூடக் கழற்றவில்லை.
தட்டு வைக்கவில்லை, கூப்பிடவில்லை.
சற்றே கண் அசந்திருக்க வேண்டும்.

விரலில் உப்புத்தாள் உரசியது.
சுண்டுவிரல், பிறகு மோதிரவிரல்,
நகக்கண்ணில் ஒட்டியிருந்த செதில்.
அசைய பயம். மூச்சுவிடவும்தான்.
இடது கையை மட்டும் மெல்ல நீட்டி
கஸ்தோரின் டப்பாவைத் திறந்து
விரலில் தொட்டு நீட்டினேன்.
நக்கியது.
இன்னொரு விரல். நக்கியது.
மொத்தம் ஒரு தேக்கரண்டி இருக்குமா?
இருக்காது.

எலுமிச்சை வாசம்தான் பிடிக்கவில்லையா,
டாக்டர் வீட்டு வாசம் என் கையில் தங்கியிருந்ததா,
இல்லை, நான் கேட்காமல் இருந்தது போதுமாக இருந்ததா?
உஷீயாவிடம் போனில் சொன்னேன்.
தெரியலை, இன்றைக்குக் கழுவாதீர்கள் என்றாள்.

கால் மரத்துப்போய்விட்டது.
மடியில் தாடையைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறாள்.
ஒன்பது மணிக்கு மாத்திரை இருக்கிறது,
வேறு அறையில்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.